வராதவர்களின் பட்டியல்: நோயாளிகளின் தரவை மருத்துவமனை எதற்குப் பயன்படுத்த வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், 120 படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். நோயாளிகளுடன் தொடர்பைப் பேணுவதற்கென்று சி.ஆர்.எம். மென்பொருள் ஒன்றை வாங்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. விற்க வந்தவர்கள் அதை இயக்கிக் காட்டினார்கள். பெயர், வயது, செல்பேசி எண், வந்த தேதிகள், கட்டிய தொகை ஆகியவற்றை வைத்து ஒவ்வொருவருக்கும் அது ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் கூடியவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, மாஸ்டர் ஹெல்த் செக்கப் சலுகை, கூகுளில் மதிப்புரை எழுதக் கோரும் செய்தி என்று வரிசையாக அனுப்புகிறது. திரை முழுவதும் "வாடிக்கையாளர்" என்றே இருந்தது.

மருத்துவமனைக்கு வாடிக்கையாக வரவேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாழ்நாள் முழுவதும் எங்காவது ஓரிடத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். அவர்கள் வராமல் நின்றுபோனால் எங்கள் கணினிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. இதுதான் என்னை உறுத்துகிறது.

மென்பொருள் வருவதற்கு முன்பே நான் ஒரு சிறு பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அடுத்த வருகைக்கு நாள் குறித்துக் கொடுத்து, அந்த நாள் கடந்தும் வராத சர்க்கரை நோயாளிகளை மட்டும் பிரித்தேன். அதில் ஒரு வரி: "இடது கால் பெருவிரல் புண், டிரெஸ்ஸிங், அடுத்து வெள்ளிக்கிழமை." அதற்குப் பிறகு ஐந்து வாரங்களாக எதுவுமே இல்லை. அழைத்தேன். மனைவிதான் எடுத்தார். "மேல தோல் மூடிருச்சும்மா, ஆறிப்போச்சுன்னு விட்டுட்டோம். வலியும் இல்லைன்னாரு" என்றார். சர்க்கரையால் நரம்பு மரத்தவருக்கு வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல என்று இங்குள்ள மருத்துவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுநாளே வந்தார்கள். மூடிய தோலுக்கு அடியில் சீழ் கட்டி எலும்பு வரை போயிருந்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் முன்பு வந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னார்.

அந்த இரண்டு வாரமும் அந்த வரி எங்கள் கணினியில் இருந்தது. ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: இத்தகைய பட்டியலை எப்படி முறையாக அமைப்பது, யாரை முதலில் அழைப்பது, யார் அழைப்பது? அதோடு, இதே தரவைக் கொண்டு எதைச் செய்யவே கூடாது?

மருந்துச்சீட்டு

பொது மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றுகிறேன். சகோதரி எழுதியது போன்ற விரல்களை நானும் பார்த்திருக்கிறேன்.

நாம் வந்தவர்களை எண்ணிப் பழகிவிட்டோம். இன்று ஓ.பி.யில் எத்தனை பேர், இந்த மாதம் எத்தனை பேர் என்பதே நமது கணக்கு. நாள்பட்ட நோய்க்கு இந்தக் கணக்கு உதவாது. 2017-இல் தொடங்கிய இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் வேறொரு கணக்கு வைத்தார்கள். மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.சி.எம்.ஆர். என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், மாநில அரசுகள் ஆகியவை சேர்ந்து நடத்திய பணி அது. பதிவு செய்துகொண்ட ஒருவருக்குக் கடைசி வருகையில் இரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே இருந்ததா என்று பார்ப்பார்கள். கடந்த மூன்று மாதங்களில் அவர் வரவே இல்லையென்றால் அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட மாட்டார்கள். "வருகை தவறியவர்" என்று அதே மொத்தத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். வராதவர்கள் கூடினால் அந்த மருத்துவமனையின் கட்டுப்பாட்டு விகிதம் இறங்கும். வந்தவர்களை மட்டும் எண்ணி நற்பெயர் எடுக்க அங்கே வழியில்லை.

அதில் பல இடங்களில் பயன்படுத்திய சிம்பிள் என்னும் செயலியில் செவிலியர் நிரப்ப வேண்டியவை மிகக் குறைவு: அழுத்தத்தின் அளவு, கொடுத்த மாத்திரை, அடுத்த தேதி. நோயாளியின் கையில் கியூ.ஆர். குறியுள்ள ஓர் அட்டை இருக்கும். நாள் கடந்தவர்களின் பெயர்கள் தாமாகவே ஒரு பட்டியலில் சேரும், அங்கிருந்தே அழைக்கலாம். நிரப்பும் கட்டங்கள் கூடக்கூடச் செவிலியர் எதையாவது போட்டு நிரப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. விற்பனையாளர் நாற்பது கட்டங்கள் காட்டினால் நான்கு போதும் என்று சொல்லுங்கள்.

யாரை முதலில் அழைப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானவுடன் சில எளிய அளவைகளைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிறர் தாங்காமல் நிற்க முடிகிறதா என்பது. இவற்றில் ஆபத்து தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பாமல் உள்நோயாளியாகச் சேர்க்கப் பார்க்கிறார்கள். இதற்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. உங்கள் பட்டியலிலும் அப்படியே செய்யலாம். காலில் புண் உள்ளவர், இன்சுலின் போடுபவர், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறிக்கொண்டிருப்பவர், கடைசியாகப் பார்த்தபோது அழுத்தம் 180-ஐத் தாண்டியவர் ஆகியோரை நாள் தவறிய அன்றைக்கே அழையுங்கள். மற்றவர்களுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம்.

புறநோயாளர்_செவிலி

வைகைக்கரை அக்காவுக்கு வணக்கம். இப்படி அழைத்துப் பேசும் வேலையை நான்கு ஆண்டுகளாகச் செய்கிறேன். மென்பொருளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தொலைபேசியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், பதிவில் இருக்கும் எண் நோயாளியுடையதாக இருப்பதில்லை. பதிவுச் சீட்டுப் போடும் இடத்தில் "நம்பர் சொல்லுங்க" என்றால் கூட வந்தவர் தன் எண்ணைச் சொல்லிவிடுவார். அது மருமகனுடையதாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும். நாம் அனுப்பும் நினைவூட்டல் அங்கே போய்ச் சேரும். அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. கருத்தரிப்புச் சிகிச்சைக்கு வரும் பெண்ணின் எண் மாமியாரின் கையில் இருக்கலாம். மனநல மாத்திரை சாப்பிடும் இளைஞரின் எண் அவர் தங்கியிருக்கும் அறையில் பலர் பார்க்கும் செல்பேசியாக இருக்கலாம். "உங்கள் அடுத்த ஊசிக்கு நாளாகிவிட்டது" என்று ஒரு வரி போனால் போதும், ஒரு குடும்பமே கலங்கிவிடும். ஆகவே நாங்கள் பதிவின்போதே மூன்று கேள்விகள் கேட்கிறோம்: இது யாருடைய எண், எந்த நேரத்தில் அழைக்கலாம், எடுப்பவர் வேறொருவராக இருந்தால் என்ன சொல்லலாம். மூன்றாவதற்கு விடை இல்லையென்றால், "மருத்துவமனையிலிருந்து பேசுகிறோம், திரும்ப அழைக்கச் சொல்லுங்கள்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அழைக்கும் நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்கு அழைத்தால் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் எடுக்க மாட்டார்கள். மாலை ஆறரைக்கு மேல் எடுப்பார்கள். எடுத்ததும் "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அதோடு முடிந்தது. வராதவர்களில் பலர் "டாக்டர் திட்டுவார்" என்ற பயத்தில்தான் வராமல் இருக்கிறார்கள். நாள் ஆக ஆகப் பயமும் கூடும். "எப்படி இருக்கீங்க, மாத்திரை கையில இருக்கா?" என்று தொடங்கினால் அவர்களே சொல்வார்கள். துணைக்கு ஆள் இல்லை, கையில் பணம் இல்லை, நாட்டு மருந்துக்கு மாறிவிட்டேன், கோயிலுக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று காரணங்கள் வரும். இதை நான்கைந்து பொத்தான்களுக்குள் அடக்காமல், அவர்கள் சொன்னபடியே எழுதி வைக்க ஓர் இடம் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வராதவர் எல்லாம் மருந்தை விட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. "உங்ககிட்ட வர்றதில்லையே தவிர, மாத்திரை விடலைம்மா, வீட்டுக்கே கொண்டாந்து கொடுக்குறாங்க" என்று ஒரு பாட்டி சொன்னார். எங்கள் பட்டியலில் அவர் தொலைந்தவர். உண்மையில் நல்லபடியாக இருக்கிறார். "வேறிடத்தில் மருந்து பெறுகிறார்" என்று குறித்துக்கொண்டு, அவரை மறுபடி மறுபடி அழைக்காமல் விடுவதுதான் மரியாதை.

எண்ணும்_எழுத்தும்

தரவுப் பகுப்பாய்வு என் தொழில், மருத்துவமனைகளுக்கும் செய்திருக்கிறேன். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

பட்டியல் எடுக்கும் முன், ஒரே ஆள் எத்தனை ஆளாகப் பதிவாகியிருக்கிறார் என்று பாருங்கள். நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஒருநாள் முன்னால் வரும், ஒருநாள் பின்னால் வரும். திருமணத்துக்கு முன் தந்தையின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எக்ஸ் போடுவார், இன்னொருவர் கே.எஸ்.எச். போடுவார். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒழுங்காக வந்துகொண்டிருப்பவர் பழைய எண்ணில் வராதவராகத் தெரிவார். அவரை அழைத்து விசாரித்தால், "முந்தாநாள்தானே வந்தேன், என்னைக்கூட உங்களுக்குத் தெரியவில்லையா?" என்று மனம் நோவார். பெயரும் பிறந்த ஆண்டும் ஊரும் ஒத்துப்போகிறவர்களை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்து இணைக்க வேண்டும். இது சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக முடியாது.

இரண்டாவது, கட்டிய தொகையை வைத்துப் போடும் மதிப்பெண். 2019 அக்டோபரில் சயின்ஸ் இதழில் ஓபர்மேயரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் மென்பொருள் ஒன்றை அவர்கள் சோதித்தார்கள். நோயின் கடுமையைக் கணிக்க வேண்டிய அந்த மென்பொருள், அதற்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. வசதி குறைந்து, மருத்துவமனைக்குப் போவதே அரிதாக இருந்த கறுப்பின மக்களின் செலவு குறைவாக இருந்ததால், அவர்களுடைய நோயும் குறைவு என்று அது எடுத்துக்கொண்டது. அந்தப் பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கண்டார்கள்.

அந்த மென்பொருளை எழுதியவர்கள் யாருக்கும் தீங்கு நினைத்ததாக நான் கருதவில்லை. கையில் கிடைத்த எண்ணைத் தேவையான எண்ணுக்குப் பதிலாக வைத்தார்கள். நம் ஊரிலும் பணமில்லாமல் நின்றுபோனவர், செலவுக் கணக்கில் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் இருப்பார். செலவை வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருள், முதலில் அழைக்க வேண்டிய ஆளைக் கடைசியில் தள்ளும். விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த மதிப்பெண்ணிலிருந்து கட்டணத் தொகையை முழுவதுமாக நீக்க முடியுமா?

வரவுசெலவு

நான் மருத்துவமனை நிர்வாகத்தில் கணக்குப் பக்கம் இருப்பவன். எல்லாரும் சொல்வது சரியே. ஆனால் அழைத்துப் பேச இருவரை அமர்த்தினால் அவர்களுடைய சம்பளம் எங்கிருந்து வரும்? முழு உடல் பரிசோதனையைப் பற்றி நோயாளிக்குத் தெரிவிப்பது அவ்வளவு பெரிய குற்றமா? சிலருக்கு அதில்தான் முதன்முதலாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்படுகிறது.

மருந்துச்சீட்டு

நியாயமான கேள்வி, ஐயா. திரும்பி வரும் நோயாளி ஆலோசனைக் கட்டணமும் ஆய்வகக் கட்டணமும் கட்டுகிறார். அழைப்பவரின் சம்பளத்துக்கு அது ஈடுகொடுக்கும் என்பது என் அனுபவம். பரிசோதனையைப் பற்றித் தெரிவிப்பதும் குற்றமில்லை. அதை அதே அழைப்பில் செய்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். "மாத்திரை இருக்கா?" என்று கேட்டவரே அடுத்த மூச்சில் சலுகை விலை சொன்னால், முன்பு கேட்டதும் வியாபாரத்துக்குத்தான் என்று நோயாளி எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அந்த எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டார். கால் புண்ணுக்கு நாம் அழைக்கும் நாளிலும் எடுக்க மாட்டார்.

தாமிரபரணி

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் தாயார் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, அங்கேயே காலமானார். அவர்கள் கொடுத்த காகிதங்களை வைத்துத்தான் இறப்புச் சான்றிதழ் வாங்கினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் பந்தியில் அமர்ந்திருந்தபோது என் செல்பேசி ஒலித்தது. அதே மருத்துவமனை. இளம்பெண் ஒருவர் என் தாயாரின் பெயரைச் சொல்லி, "அம்மாவுக்கு இந்த மாசம் பொறந்தநாள் வருது சார், செக்கப்புக்கு ஸ்பெஷல் ஆஃபர் இருக்கு" என்றார். நான் பேசாமல் நின்றேன். இணைப்பு சரியில்லை என்று நினைத்து அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

அந்தப் பெண்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையில் என் தாயார் உயிரோடு இருந்திருக்கிறார். அறைக்கட்டணத்தை மணிக்கணக்கில் சரியாகக் குறித்து வைத்த இடத்துக்கு, அந்த அறையில் இருந்தவர் போய்விட்டார் என்பதை அடுத்த மேசைக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் புதிதாக எதைத் தொடங்கினாலும் முதலில் இதைச் சரிசெய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புறநோயாளர்_செவிலி

அண்ணா, படித்ததும் மனம் கனத்துப்போனது. எங்கள் இடத்தில் இறப்பு, சிகிச்சைப் பிரிவின் பதிவில் மட்டும் ஏறுகிறது. அழைப்புப் பட்டியலில் அது தெரியுமா என்று நாளைக் காலை முதல் வேலையாகப் பார்க்கிறேன்.

சட்டமும்_நடைமுறையும்

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒப்புதல் அளித்தார். 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. தரவு வைத்திருப்பவர்களின் முதன்மையான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. மிகக் கடுமையான மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

உங்கள் வேலைக்கு நேரடியாகப் பொருந்தும் செய்திகள் மூன்று. தரவு எதற்காகப் பெறப்படுகிறது என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கென்று வாங்கிய ஒப்புதல் சலுகை அறிவிப்புக்குச் செல்லாது. கொடுத்த ஒப்புதலை, கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். ஆகவே தமிழில் கேட்பவருக்குத் தமிழில் கொடுத்தே ஆகவேண்டும். சேர்க்கையின்போது பத்துப் பக்க ஆங்கிலப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்து வாங்கும் பழக்கம் இனி உங்களைக் காப்பாற்றாது.

மருத்துவமனையின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 2022 ஜூனில் தி மார்க்கப் என்னும் செய்தி நிறுவனம், அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்து, 33 தளங்களில் ஃபேஸ்புக்கின் பின்தொடர் நிரல் இருப்பதைக் கண்டறிந்தது. மருத்துவரைச் சந்திக்க நேரம் குறிக்கப் பொத்தானை அழுத்தினால் அந்தச் செய்தி ஃபேஸ்புக்குக்கும் போயிற்று. 2023-இல் மருந்து விலைத் தள்ளுபடி நிறுவனமான குட்ஆர்எக்ஸ், பயனர்களின் உடல்நலத் தரவை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்த வழக்கில் 15 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. நம் ஊரில் தளம் வடிவமைப்பவர்கள் விளம்பரத்துக்கு உதவும் என்று இதே நிரலைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். நிர்வாகத்துக்கு அது இருப்பதே தெரிவதில்லை.

வைகைக்கரை

எல்லாருக்கும் நன்றி. தாமிரபரணி ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து, பெயர் எதுவும் இல்லாமல், நிர்வாகக் கூட்டத்தில் வாசித்தேன். வாசித்து முடித்தபின் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. இறப்புக் குறிப்பு ஏறிய அந்த நொடியே எல்லாப் பட்டியல்களிலிருந்தும் பெயர் விலக வேண்டும் என்பதை, மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனையாகச் சேர்த்திருக்கிறோம். வீட்டில் காலமானவர்கள் எங்களுக்குத் தெரியவருவது அழைக்கும்போதுதான். அதனால் அழைப்பவர் முதலில் "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, பிறகுதான் நோயாளியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

கட்டணத் தொகையை மதிப்பெண்ணிலிருந்து நீக்கக் கேட்டேன். முடியும் என்றார்கள், ஆனால் இதுவரை எந்த மருத்துவமனையும் அப்படிக் கேட்டதில்லை என்றார்கள். சலுகை அறிவிப்புக்குத் தனி ஒப்புதல், தனிப் பட்டியல், தனி எண். எங்கள் செவிலியர் பட்டியலை விளம்பரப் பிரிவு திறக்க முடியாது. கணக்குப் பிரிவில் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்பதே இப்போதைய உடன்பாடு.

குறுஞ்செய்தியில் எதிர்பாராத ஒரு தடை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் 70 இடங்கள்தாம். அதிலும் புள்ளியும் கொக்கியும் துணைக்காலும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. "மருத்துவமனை" என்ற ஒரு சொல்லுக்கே 11 இடங்கள் போய்விடும். இரண்டாவது செய்தியாக நீண்டால் கட்டணம் இரட்டிப்பு. இதனால்தான் பலர் ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடுகிறார்கள் போலும். நாங்கள் எழுதித் திருத்தி, கடைசியில் இதை வைத்தோம்: "வணக்கம். உங்கள் அடுத்த வருகை நாள் கடந்துவிட்டது." இதற்கு 48 இடங்கள். மீதமுள்ள 22-இல் எங்கள் தொலைபேசி எண்ணும் சுருக்கப் பெயரும் அடங்குகின்றன. நோயின் பெயரோ துறையின் பெயரோ அதில் இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்கும், மருந்துச்சீட்டு ஐயா சொன்ன நான்கு வகையினருக்கும் செய்தி அனுப்புவதில்லை, அழைத்துத்தான் பேசுகிறோம்.

எண்ணும்_எழுத்தும்

நிறைவாக இருக்கிறது, அம்மா. விரல் எடுக்கப்பட்டவர் இப்போது எப்படி இருக்கிறார்?

வைகைக்கரை

புதன்கிழமைதோறும் டிரெஸ்ஸிங்குக்கு வருகிறார், ஐயா. சென்ற வாரம் வரவில்லை. அன்று மாலையே பட்டியலில் அவர் பெயர் முதலில் நின்றது. அவருடைய எண்ணுக்கு எதிரே, "மனைவியின் எண். மாலை 7 மணிக்கு மேல். புண்ணைப் பற்றிப் பேசலாம்" என்று இப்போது எழுதியிருக்கிறோம். ஏழேகாலுக்கு அழைத்தேன். பேத்திக்குக் காதணி விழா, அதனால் வர முடியவில்லை என்றார் அந்த அம்மா. மறுநாள் காலை இருவரும் வந்தார்கள்.